கழுதை கத்த வேண்டிய இடம்

ஒரு கழுதை கத்துவதற்கு எத்தனை பேருடைய ஒப்புதல் வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். சிறுவர் ஒளிபரப்பு வாரியத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இளமை முழுவதையும் கரைத்தவள் நான். "வணக்கம், வாரியம், கொஞ்சம் லைன்ல இருங்க" என்று நான் சொன்னதைக் கேட்டு லைனில் இருந்தவர்களில் சிலர் இன்னமும் இருப்பதாகக் கேள்வி.

அந்தக் குரல் இப்போது என்னிடம் இல்லை. தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர்கள் கட்டியை எடுத்தபோது குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். மூச்சை இழுத்து முக்கினால் ஒரு சத்தம் வரும். எண்ணெய் காணாத இரும்புக் கேட்டைத் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி. அதை வைத்துக் காக்காயை விரட்டலாம், பேச முடியாது. பேச்சுக்கு ஒரு சிலேட்டு வைத்திருக்கிறேன். நான் எழுத எழுத என் கணவர் மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு வரி எழுதினால் அவர் நாலு வரி படிப்பார்.

ஆனாலும் என் குரல் ஒரே ஓர் இடத்தில் பத்திரமாக இருந்தது. 'மூட்டை அண்ணன்' கார்ட்டூன் தொடங்கும்போது ஒரு பாட்டு வருமே, அதில். மூட்டை அண்ணன் ஒரு கழுதை. ஊரார் மூட்டைகளையெல்லாம் சுமந்துகொண்டு போய்த் தப்பான வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கும் கழுதை. வாரியம் தயாரித்த நிகழ்ச்சிகளிலேயே அது ஒன்றுதான் வாரியத்தைப் பற்றி உண்மையைச் சொன்னது. பாட்டு இதுதான்:

மூட்டை அண்ணன் வாராரு
முக்கி முக்கி வாராரு
யாரு வீட்டு மூட்டை இது?
சொல்லுங்கண்ணே, சொல்லுங்க!

இதற்கப்புறம் மரத்தில் தட்டுகிற ஒரு தாளம். டக், டக், டட்டக். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. வெறும் அமைதி. பிறகு மறுபடி பாட்டு. அந்த வெறும் அமைதியைப் பற்றித்தான் இந்தக் கதை.

பாட்டை எழுதி மெட்டுப் போட்டவர் வாரியத்தின் ஹார்மோனியக்காரர். நல்ல மனிதர், இப்போது உயிரோடு இல்லை. ஒரு நாள் மதியம் என் சுவிட்ச்போர்டு அறைக்குள் தலையை நீட்டினார்.

"ஏம்மா, உனக்குப் பாட வருமா?"

"பாத்ரூம்ல வரும்ணே."

"போதும், எந்திரி."

எத்தனையோ பாடகிகள் இருக்க என்னை ஏன் கூப்பிட்டார் என்றால், மிருகங்களைப் பற்றிய பாட்டு பாடுவதற்குத் தனியாகப் பாடகர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாரியத்தில் விதி. தேர்ந்தெடுக்க ஒரு குழு வேண்டும். குழுவுக்குத் தலைவர் யார் என்பதில் இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு. டெலிபோன் ஆபரேட்டர் பாடகியே இல்லை, ஆகவே பாடகிகளுக்கான விதி அவளைக் கட்டுப்படுத்தாது. அதேபோல் மிருகப் பாட்டுக்கு மிருதங்கமோ டோலக்கோ கொடுக்க முடியாது, அவை மனிதப் பாட்டுகளுக்கு என்று ஸ்டோர்காரர் கையை விரித்துவிட்டார். அதனால் நானே பக்கத்திலிருந்த மர ஸ்டூலில் விரல் முட்டியால் தட்டினேன். டக், டக், டட்டக். ஹார்மோனியக்காரர், "இது நல்லா இருக்கே, இப்படியே இருக்கட்டும்" என்றார்.

தட்டி முடிந்ததும் கழுதை கத்த வேண்டும். கேள்வி கேட்டாயிற்று, அண்ணன் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? இங்கேதான் வாரியம் விழித்துக்கொண்டது. கழுதை எப்படிக் கத்த வேண்டும் என்று முடிவு செய்யக் கத்தல் துணைக்குழு ஒன்றைப் போட்டார்கள். அதன் உறுப்பினர் செயலர் ஓர் இளம் உதவி அதிகாரி. சட்டையில் சுருக்கம் விழுந்துவிடுமோ என்று நாற்காலியில் முழுசாக உட்காரவே மாட்டார். அவர்தான் இன்றைக்கு வாரியத்தின் தலைவர்.

துணைக்குழு கூடியது. மாட்டு டாக்டர் ஒருவர், ஆரோக்கியமான கழுதை மூச்சு முட்டும்வரை கத்தும், பாட்டில் அவ்வளவு இடம் உண்டா என்று கேட்டார். சங்கீத வித்வான் எந்தச் சுருதியில் என்றார். மனநல நிபுணர், கத்தல் குழந்தைகளின் உள்ளத்தில் ஆறாத வடுவை ஏற்படுத்தும் என்று தம் குழந்தைகளை உதாரணம் காட்டினார். இளம் உதவி அதிகாரி எல்லோருடைய கருத்தையும் பயபக்தியோடு கேட்டுவிட்டு, "நேரடியா ஒரு கழுதையையே கேட்டுடலாமே" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல யோசனை அது.

கழுதை வந்தது. வாசலில் காவலாளி, யாரைப் பார்க்க வந்திருக்கிறது என்று கேட்டு நிறுத்திவிட்டார். எனக்குப் போன் வந்தது. "மேடம், ஒரு கழுதை வந்திருக்கு. எந்த அதிகாரியோடதுன்னு சொல்ல மாட்டேங்குது." அது பார்வையாளர் என்று நான்தான் சொல்லி உள்ளே விடச் செய்தேன். ஸ்டூடியோவில் மைக்கை வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். அது வாயே திறக்கவில்லை. தட்டிக் கொடுத்தார்கள், மன்றாடினார்கள், மனநல நிபுணர் அதனிடம் தனியாகக்கூடப் பேசிப் பார்த்தார். கடைசியில் அன்றைய தலைவர், வந்த விருந்தினரை வரவேற்காமல் இருப்பது மரபில்லை என்று சொல்லி அதன் எதிரே நின்று வரவேற்புரையைத் தொடங்கினார். அவர் தொடங்கியதும் கழுதையும் தொடங்கிவிட்டது. அவர் நிறுத்தவில்லை, அதுவும் நிறுத்தவில்லை. இருவருடைய குரலும் ஒன்றாகப் பதிவாகிவிட்டது. துணைக்குழு அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது. உரை எங்கே முடிகிறது, கத்தல் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஒளிபரப்பு நாள் வந்துவிட்டது. உதவி அதிகாரி, "இப்போதைக்கு அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்க. முடிவு வந்ததும் நிரப்பிக்கலாம்" என்றார். அப்படியே போனது.

அதற்கப்புறம் நடந்ததை எந்தக் குழுவும் முடிவு செய்யவில்லை. முதல் வாரமே வீடு வீடாகக் குழந்தைகள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, டக், டக், டட்டக் என்று தாளம் விழுந்ததும், அண்ணனுக்குப் பதிலாகத் தாங்களே கத்த ஆரம்பித்தார்கள். ஈஈ... ஹா! ஈஈ... ஹா! அப்பா அம்மா அதட்டினார்கள். பிறகு அவர்களும் கத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் எவனாவது டெஸ்க்கைத் தட்டினால் போதும், வகுப்பே கத்தும். என் கணவர் வேலை பார்த்த பஸ்ஸில் பின்சீட்டில் ஒரு வாண்டு கம்பியைத் தட்டினால் ஓட்டுநர் உட்பட மொத்த வண்டியும் கத்தும். "டிக்கெட் கிழிச்சிட்டிருக்கேன், என்னையறியாம வாயி தானாத் திறந்துக்குது" என்று வீட்டில் வந்து சொல்வார். பாட்டுப் பாடியவள் அவர் மனைவி என்று பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

அந்தக் குழந்தைகள் வளர்ந்து டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் அமைச்சர்களாகவும் ஆனார்கள். பழக்கம் போகவில்லை. ஒரு நீதிபதி மேஜையில் சுத்தியலால் கொஞ்சம் தாளத்தோடு தட்டிவிட, வாதி, பிரதிவாதி, சாட்சி மூவரும் முதல்முறையாக ஒரே விஷயத்தைச் சொன்னார்களாம். அந்த அமைதியைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நம் உதவி அதிகாரியோ படிப்படியாக மேலே போய்த் தலைவரானார். 'நான் படைத்த மௌனம்' என்று ஒரு புத்தகமும் எழுதினார். ஒரு முடிவை எடுக்காமல் விட்டதற்காக இந்த அளவுக்குக் கொண்டாடப்பட்ட மனிதர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பாட்டு எனக்கு ஒரு உபகாரம் செய்தது. தாகம் தொண்டையைப் பிடுங்குகிறது, நர்ஸைக் கூப்பிடக் குரல் இல்லை. கட்டில் கம்பியை முட்டியால் தட்டினேன். கை பழக்கதோஷத்தில் அந்தத் தாளத்தையே தட்டிவிட்டது. வார்டு முழுக்கக் கத்தியது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தவர் கத்தினார், காலில் கட்டுப் போட்டிருந்தவர் கத்தினார், எனக்கு ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் வாசலில் நின்று கத்திவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். குரல் போன துக்கத்தில் அதுவரை சாப்பிடாமல் கிடந்தவள், அன்றைக்குத்தான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதன் பிறகு தினமும் மாலையில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து என் குரலைக் கேட்டுக்கொண்டேன். வேறெங்கும் அது கிடையாது. இணையத்தில் யார் யாரோ போட்டு வைத்திருந்ததையெல்லாம் வாரியம் வழக்குப் போடுவோம் என்று மிரட்டி எடுக்க வைத்துவிட்டது. வீட்டில் ஒரு கேசட் இருந்தது. அதன் மேல் என் கணவர் கால்பந்து வர்ணனையைப் பதிவு செய்துவிட்டார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தினமும்தான் டிவியில் வருகிறதே என்று மறுபடி பதிவு செய்து வைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவும் இல்லை.

இப்படி இருக்கையில் வாரியத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனோம். மாடிப்படியில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள், லிஃப்டில்தான் போக வேண்டியிருந்தது. தலைவர் அறையில் தலைவர், செயலாளர் அம்மாள், சுற்றிலும் அதிகாரிகள். தலைவர் இப்போதும் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா வாங்க. உங்க பாட்டை நாட்டோட மரபுச் சொத்தா அறிவிக்கப் போறோம். பெரிய விழா. அமைச்சர் வர்றாரு. அதோட உங்க பழைய டேப்புக்கு ஓய்வு கொடுக்குறோம்."

"டேப்பு எப்படிங்க ரிட்டையர் ஆகும்?" என்றார் என் கணவர்.

செயலாளர் அம்மாள் பொறுமையாக விளக்கினார். "வாரியத்தோட சேவையில இருக்கிற எதுவா இருந்தாலும் வயசானா ஓய்வு கொடுத்துடணும் சார். போன வருஷம் மாடிப்படிக்குக் கொடுத்தோம். அதான் நீங்க லிஃப்ட்ல வந்தீங்க."

"சரி, ஓய்வு கொடுத்துட்டு டேப்பை எங்க வைப்பீங்க?"

"வைக்க மாட்டோம், அழிச்சிடுவோம். பழசு ஒண்ணு புதுசு ஒண்ணுன்னு இருந்தா எது மரபுன்னு ஜனங்களுக்குக் குழப்பம் வந்துடும் பாருங்க."

புதிதாகப் பாடியிருப்பது தலைவருடைய மச்சினி மகள். "தகுதி பார்த்துதான் எடுத்தோம்" என்றார் தலைவர். "தேர்வுக் குழுவுக்கு நான்தான் தலைவர், அதனால எனக்கு நல்லாவே தெரியும்." கத்தல் துணைக்குழுவும் இத்தனை வருஷம் கழித்து ஒருவழியாக முடிவைக் கொடுத்துவிட்டதாம். எந்தத் தரப்பினரையும் புண்படுத்தாத ஒரு கத்தலைத் தயாரித்து அந்தக் காலி இடத்தில் சேர்த்துவிட்டார்கள். போட்டுக் காட்டினார்கள். பக்கத்து அறையில் ஒரு பெரிய மனிதர் மெதுவாகத் தொண்டையைச் செருமுவதுபோல இருந்தது. அதிகாரிகள் எல்லோரும் தலையை ஆட்டி ரசித்தார்கள்.

நான் சிலேட்டில் எழுதினேன்: 'அழிக்க வேண்டாம். டேப்பை எனக்குக் கொடுங்கள்.'

என் கணவர் படித்தார். "அழிக்காதீங்கய்யா. எங்ககிட்டயே கொடுத்துடுங்க. அவ குரல் வேற எங்கயும் இல்ல. வீட்டு கேசட்டுல நான் கேனத்தனமா கால்பந்தை ஏத்திட்டேன். அவ பேசி நான் கேட்டு எத்தனையோ நாளாச்சுய்யா." கடைசி வரிகள் சிலேட்டில் இல்லை.

"வாரியத்துச் சொத்தை வெளியாளுங்களுக்குத் தூக்கிக் கொடுக்க முடியுமாம்மா?" என்றார் தலைவர்.

வெளியாள்! எனக்குக் குரல் இல்லை என்பதே மறந்துபோயிற்று. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தேன். அந்தத் துருப்பிடித்த சத்தம் அறை முழுக்கக் கிளம்பியது. தலைவர் என்னைப் பார்த்தார், அதிகாரிகளைப் பார்த்தார், பிறகு சொன்னார்.

"அடடா! இதை முன்னாடியே கேட்டிருந்தா நம்ம துணைக்குழு இத்தனை வருஷம் அலைஞ்சிருக்க வேண்டாமே!"

அறை குலுங்கிச் சிரித்தது. "சிரிப்பைக் கூட்டக் குறிப்புல சேர்க்கலாமா சார்?" என்றார் செயலாளர் அம்மாள். "சேருங்க" என்றார் தலைவர். அந்த நேரம் பார்த்து அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. தலைவர் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், தாம் பேசுவதை அறையில் இருப்பவர்கள் கேட்காமல் போய்விடக் கூடாது அல்லவா? அந்தப் போனிலும் இதே நகைச்சுவையை ஒரு தடவை சொன்னார். அந்தப் பக்கமும் சிரித்தார்கள். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அழுகை வரவில்லை. இந்த ஆளைச் சும்மா விடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அதை நாசூக்காக எழுத வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பழிவாங்க வேண்டும் என்று நினைத்தேன்.

விழாவில் 'குரல் ஒப்படைப்பு' என்று ஒரு சடங்கு உண்டாம். பழைய குரல் மேடையில் உட்கார்ந்து, புதிய குரலைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். "நீங்க பேசவே வேண்டாம்மா, தலையாட்டினாப் போதும். வர்றீங்களா?" என்றார் செயலாளர் அம்மாள். நான் உடனே தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் குதித்தார். "எதுக்குடி தலையாட்டுன? சூடு சொரணை எதுவும் கிடையாதா நமக்கு?" சொல்லிக்கொண்டே தட்டில் போட்டதை வாயில் அள்ளித் திணித்துக்கொண்டார். கோபம் வந்தால் அவருக்குப் பசிக்கும். நான் சிலேட்டில் எழுதினேன்: 'மேடையில் எல்லார் முன்னாலும் மைக் இருக்குமா?'

"இருக்கும். அமைச்சர்லேருந்து அடியாள் வரைக்கும் ஆளுக்கொண்ணு வைப்பானுங்க. உனக்கெதுக்கு மைக்?"

நான் சாப்பாட்டு மேஜையை முட்டியால் தட்டினேன். டக், டக், டட்டக்.

வாயில் சோற்றோடு, கோபத்தோடு, கண்ணீரோடு அவர் கத்திவிட்டார். ஈஈ... ஹா! பிறகு அப்படியே என்னைப் பார்த்தார். புரிய ஒரு நொடி ஆயிற்று. அப்புறம் புரையேறும்வரை சிரித்தார்.

விழா நாளன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. தலை வழுக்கையாகி, தொப்பை போட்டு, கண்ணாடி மாட்டிய அந்தக் காலத்துக் குழந்தைகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மேடையில் நடுவில் அமைச்சர், ஒரு பக்கம் மச்சினி மகள், செயலாளர் அம்மாள், மறு பக்கம் கடைசி நாற்காலியில் நான். ஒவ்வொருவர் முன்னாலும் மேஜையில் ஒரு மைக். எனக்கு முன்னாலும் ஒன்று. மேடையில் இருப்பவர் முன்னால் மைக் இருக்க வேண்டும் என்பது விதி. பேச முடியாதவளுக்கு எதற்கு மைக் என்று யோசிக்க வாரியத்தில் தனிக் குழு கிடையாது. ஓரத்தில் ஒரு மேஜையில் பூவால் அலங்கரித்த மெஷின், அதற்குள் என் டேப், பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். தலைவர் உரை நிறைவடைந்ததும் அமைச்சர் அந்தப் பொத்தானை அழுத்துவார் என்று அறிவித்தார்கள்.

தலைவர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பாட்டோட உயிர் எதுல இருக்கு? பாடின குரல்லயா? இல்ல. குரல் இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். உயிர் அந்த மௌனத்துல இருக்கு. அந்த மௌனத்தை உருவாக்கினவன் யாரு?"

கைதட்டலுக்காக நிறுத்தினார். நான் கையை மேஜைமேல் வைத்தேன். டக், டக், டட்டக்.

ஈஈ... ஹா! ஈஈ... ஹா! அரங்கம் முழுக்க ஒரே குரலில். கூரை அதிர்ந்தது. ஜனங்கள் இது விழா ஏற்பாடு என்று நினைத்துச் சந்தோஷமாகக் கைதட்டினார்கள். தலைவரும் சிரித்துக் கையை உயர்த்தினார்.

"உங்க உற்சாகத்துக்கு நன்றி. இந்த வாரியத்துக்காக நான் என்ன செஞ்சேன்னு சிலர் கேக்குறாங்க. நான் சொல்லட்டுமா?"

டக், டக், டட்டக்.

ஈஈ... ஹா!

இந்த முறை அமைச்சரும் கத்தினார். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் நின்ற அவருடைய பாதுகாவலர் கத்தவே இல்லை என்பதுபோல நேராகப் பார்த்தார். தலைவரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. கொஞ்சம் வேகமாகப் பேசத் தொடங்கினார்.

"என் வாழ்க்கையில சிபாரிசுங்கிற பேச்சுக்கே இடமில்ல. இன்னைக்குப் புதுக் குரலா வந்திருக்கிற இந்தப் பொண்ணு என் மச்சினி மகதான். ஆனா எதை வெச்சுத் தேர்ந்தெடுத்தோம்? திறமை..."

டக், டக், டட்டக்.

மச்சினி மகளே கத்தினாள். பாவம், சின்ன வயதில் அவளும் டிவி பார்த்தவள்தானே? எல்லோரையும்விட அவள் நன்றாகவே கத்தினாள்.

அதன் பிறகு தலைவர் நிறுத்தாமல் பேசிப் பார்த்தார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் இல்லாமல், திட்டங்கள், சாதனைகள், தம் வெளிநாட்டுப் பயணங்கள் என்று மூச்சுவிடாமல் கொட்டினார். மனிதன் என்றால் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்? விட்டார். நான் தட்டினேன். மூச்சு விடும்போதெல்லாம் தட்டினேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவர் மற்றவர்களைவிட அரை நொடி முன்னதாகவே கத்தி, பஸ்ஸில் விசில் ஊதுகிற அதே பெருமையோடு சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"யாரு?" என்று கடைசியில் தலைவர் கத்தினார். "யாரு தட்டுறது?"

அரங்கம் அடங்கிவிட்டது. மேடையில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என் கையில் கண்ணை நிறுத்தினார். நான் மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்து, இருக்கிற மிச்சத் தொண்டையைத் திறந்தேன். அவர் அறையில் எல்லோரும் சிரித்தார்களே, அதே சத்தம். மைக் அதை எட்டு மடங்காக்கி மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கழுதையே கேட்டிருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒரு டாக்டர் எழுந்து நின்றார். என் தொண்டையை அறுத்தவர்தான். அடுத்து அவர் பக்கத்தில் இருந்தவர்கள், பிறகு மொத்த அரங்கமும். எழுந்து நின்று, எனக்குப் பதிலாகக் கத்தினார்கள். கண்ணீர் என் கண்ணை மறைத்தது.

அமைச்சருக்கு எப்படியாவது வீடு போய்ச் சேர வேண்டியிருந்தது. எழுந்து பொத்தானை நோக்கி நடந்தார். செயலாளர் அம்மாள் குறுக்கே வந்துவிட்டார். "சார், சார், உரை நிறைவடையல. தலைவர் 'நன்றி வணக்கம்' சொன்னாத்தான் முடிஞ்சதா அர்த்தம். அதுக்கு முன்னாடி அழுத்தினா விதிமீறல்."

"சொல்லுய்யா சீக்கிரம்!" என்றார் அமைச்சர்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "நன்றி..."

டக், டக், டட்டக். ஈஈ... ஹா!

"நன்றி வண..."

டக், டக், டட்டக்.

மைக்கை அப்படியே விட்டுவிட்டு மேடையின் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டார். அன்றைக்குத்தான் அவர் சட்டை கசங்கியதைப் பார்த்தேன்.

உரை நிறைவடையவில்லை என்பதால் விழா இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே வாரியத்தில் பொருள். விழா நடந்துகொண்டிருப்பதால் டேப் இன்னும் ஓய்வு பெறவில்லை. பேச்சாளர் ஓடிப்போனால் உரை நிறைவடைந்ததாகக் கொள்ளலாமா என்று ஆராய உரை நிறைவுத் துணைக்குழு என்று ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அதற்குத் தலைவர் யார் என்பதில் இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு. நீடூழி வாழ்க அவர்கள் இருவரும். அதுவரை தினமும் மாலையில் என் குரல் பாடிக்கொண்டிருக்கிறது. என் கணவர் ஒரு புதுக் கேசட் வாங்கிப் பதிவு செய்து, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

வாரிய வளாகத்தில் மேஜை, நாற்காலி, கதவு எதையும் யாரும் தட்டக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். அதனால் தலைவர் அறைக்குள் எல்லோரும் தட்டாமலே நுழைகிறார்கள்.

ஆனால் போனைப் பற்றிச் சுற்றறிக்கையில் எதுவும் இல்லை. என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் தங்கமானவள். பேச்சே இல்லாமல் ஒரு கால் வந்தால் அது யாரென்று அவளுக்குத் தெரியும். "வணக்கம்க்கா, லைன்ல இருங்க" என்று சொல்லித் தலைவருக்கு இணைத்துவிடுவாள். அவர் ஸ்பீக்கரில் போட்டு "ஹலோ" என்பார். நான் ரிசீவரில் தட்டுவேன். மீதியை அவர் அறையில் இருக்கும் அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள். ஆலோசனைக் கூட்டம் நடக்கும் நேரமாகப் பார்த்துப் போடச் சொல்லி அந்தப் பெண்ணிடம் கேட்டு வைத்திருக்கிறேன். சிரிப்பைக் குறிப்பில் சேர்க்கிறார்களா என்று தெரியவில்லை.

நேற்று இணைப்புக் கிடைத்தபோது அந்தப் பக்கம் நிசப்தமாக இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை போலிருக்கிறது. "ஹலோ" என்றார், சலிப்பாக. நான் தட்டினேன். டக், டக், டட்டக்.

அவர் போனை வைக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது. பல்லைக் கடித்துக்கொள்வதுகூடக் கேட்டது என்று என் கணவர் சத்தியம் செய்கிறார். பிறகு, அடக்க முடியாமல், தன்னந்தனியாக, அடிவயிற்றிலிருந்து ஒரு ஈஈ... ஹா.

நல்ல கத்தல். சுருதி சுத்தம், நீளமும் சரி. அன்றைக்கே துணைக்குழு இவரைக் கூப்பிட்டு ஒரு தடவை கத்தச் சொல்லியிருந்தால், அந்த இடம் காலியாகவே இருந்திருக்காது.